இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வு: மைதானத்தில் கண்டவை, சொல்ல வேண்டியவை

விழுப்புரம் கோச்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பசங்க பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எழுத்துத் தேர்வு முடிவு வரும்வரை புத்தகம், வந்த மறுநாள் காலையிலிருந்து ஓட்டம். ஓட்டத்தைச் சில வாரங்களில் ஓரளவு தேற்றிவிடலாம். கயிறு ஏறுவது அப்படி இல்லை. பிடியும் முதுகும் வலுப்பெற நாலு மாதமாவது வேண்டும்.

ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். இது வடிகட்டும் ஓட்டம்தான். 5 நிமிடத்தில் வந்தாலும் 6.59-ல் வந்தாலும் ஒன்றே, நட்சத்திரம் (மற்றப் போட்டிகளில் மதிப்பெண்ணுக்காகத் தரும் தரக்குறி) கிடையாது. கணக்கு இதுதான்: 100 மீட்டருக்கு 28 விநாடி. 400 மீட்டர் டிராக்கில் முதல் 300 மீட்டர் 84 விநாடி, அப்புறம் மூன்று முழுச் சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. பயிற்சியில் 6.15 வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முதல் 300 மீட்டர் 75 விநாடி, பிறகு சுற்றுக்கு 100 விநாடி.

விசில் ஊதியதும் கூட்டத்தோடு பறந்து முதல் சுற்றை 80 விநாடியில் முடிப்பவர்கள்தான் மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைத்து நடக்கிறார்கள். இன்னொன்று, கூட்டத்தில் வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடுவது. ஒரு லேன் தள்ளி ஓடினாலே சுற்றுக்கு 7 மீட்டருக்கு மேல் கூடுதல். முந்த வேண்டுமென்றால் நேர்கோட்டில் முந்துங்கள். வளைவில் உள்கோட்டை ஒட்டியே இருங்கள்.

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் போதும். இரண்டு நாள் 4, 5 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். ஒரு நாள் 400 மீட்டர் நாலு தடவை, ஒவ்வொன்றும் 95 விநாடிக்குள், நடுவில் இரண்டு நிமிட நடை. ஒரு நாள் 100 மீட்டர் வேக ஓட்டம் ஆறு. தினமும் 1500-ஐ நேரம் பார்த்து ஓடுவது வீண். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

கயிறு மாஸ்டர்

கோச் சொன்னதற்கு மேல் சேர்க்கிறேன். 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. கையை மட்டும் நம்பி ஏறுபவன் 4 மீட்டரில் நின்றுவிடுவான். கயிறு ஏறுவது காலால். கை உடம்பைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளத்தான்.

கால் பூட்டை முதலில் தரையில் உட்கார்ந்தே பழகுங்கள். கயிறு வலது காலின் வெளிப்பக்கமாக இறங்கட்டும். இடது பாதத்தால் அதைக் கோரி எடுங்கள். கயிறு வலது பாதத்தின் அடியில் நுழைந்து இடது பாதத்தின் மேல் வந்து விழ வேண்டும். இப்போது வலது பாதத்தால் இடது பாதத்தின் மேல் அழுத்தி மிதியுங்கள். இரண்டுக்கும் நடுவில் கயிறு நசுங்கி நிற்கும். அதன்மேல் எழுந்து நில்லுங்கள், கைகளை மேலே மாற்றுங்கள், பூட்டைத் தளர்த்தி முழங்காலை நெஞ்சுவரை இழுங்கள், மறுபடி பூட்டுங்கள். முழங்கால் எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவு உயரம் லாபம். பாதி மட்டும் தூக்கினால் ஒரே உயரத்துக்கு இரட்டிப்பு பூட்டு போட வேண்டிவரும். அதற்குள் முன்கை இறுகிப்போகும்.

கயிறு கிடைக்காத ஊர்க்காரர்கள் வேப்பமரக் கிளையில் பழைய துண்டைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்துத் தொங்குங்கள். 30 விநாடி தாங்க முடிந்தால் பிடி வருகிறது என்று அர்த்தம். புல்-அப் ஒன்றுகூட வராதவர்கள் ஸ்டூல் போட்டு ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஐந்து இறக்கம், மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். ஒரு புல்-அப் தானாக வந்துவிடும்.

இறங்கும்போது சறுக்காதீர்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தால் பத்து நாள் கயிற்றைத் தொட முடியாது. காய்ப்பு தடித்தால் குளித்தபின் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். தடித்த காய்ப்புதான் பிய்ந்து வரும்.

திருச்சி தம்பி

100 மீட்டரா 400 மீட்டரா, எதை எடுப்பது? நீளம் தாண்டுவதா, உயரமா?

விழுப்புரம் கோச்

தம்பி, 100 மீட்டரில் இரண்டு நட்சத்திரத்துக்கு 13.5 விநாடி, ஒன்றுக்கு 15. 400-ல் 70, 80 விநாடி. இயல்பிலேயே வேகம் இருப்பவனுக்கு 100 லாபம். புறப்பாடு சரியில்லாதவன் அதில் இழந்த அரை விநாடியைத் திரும்பப் பிடிக்க முடியாது. 1500-ஐ 5.45-க்குள் ஓடுபவன் 400 எடுக்கலாம், ஆனால் முதல் 100-ஐ 16.5-க்கும் குறைவாகப் போகாதே. 16.5, 17.5, 18, 18 என்று போனால் சரியாக 70. முதல் 200-ஐ 30-ல் முடித்தவனுக்குக் கடைசி 80 மீட்டரில் கால் கல்லாகிவிடும்.

தாண்டுவதில் பெரும்பாலானவர்களுக்கு நீளம்தான் சுலபம். 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50-க்கு இரண்டு. உயரத்தில் 1.20, 1.40. 1.20-ஐக் கால்களை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேல் வீசும் கத்தரிக்கோல் பாணியிலேயே தாண்டலாம், 1.40-க்கு உடம்பைக் கம்பிமேல் கிடத்தத் தெரிய வேண்டும். மெத்தை இல்லாத மணற்குழியில் மல்லாந்து விழும் பாணியைப் பழகவே கூடாது, கழுத்து போய்விடும்.

நீளம் தாண்டுவதில் தோற்பது பலம் இல்லாமல் அல்ல, எழும்பும் பலகைக்குக் காலடி சரியாக வராமல். 13 அல்லது 15 காலடி வைத்து ஓடுங்கள். பலகையிலிருந்து எதிர்த்திசையில் அதே வேகத்தில் ஓடி, கடைசிக் காலடி விழும் இடத்தில் கல்லை வையுங்கள். அதுதான் புறப்படும் இடம். விழுந்தபின் பின்னால் கை ஊன்றினால் கை பட்ட இடத்திலிருந்துதான் அளப்பார்கள். அதில் அரை மீட்டர் போனவர்கள் ஏராளம். விழும்போது முழங்காலை மடக்கி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சரியுங்கள்.

மதுரை பி.டி. டீச்சர்

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. 100 மீட்டருக்கு 37.5 விநாடி, மெதுவான ஓட்டமே போதும். ஆனாலும் தோற்கிறார்கள் என்றால், பத்தாம் வகுப்புக்கு அப்புறம் ஓடவே இல்லை என்பதுதான் காரணம். அல்லது ரத்தசோகை. பயிற்சி தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். குறைவு என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் உடம்பில் ஒட்டும்.

குண்டு எறிவதா, கிரிக்கெட் பந்தா என்பதில் என் கட்சி பந்து. 4 கிலோ குண்டை 5.50 மீட்டர் தள்ளத் தோள் மட்டும் போதாது, இடுப்பும் காலும் சேர வேண்டும். குண்டைப் பந்து மாதிரி வீசப் பார்த்துத் தோளைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பந்தை 17 மீட்டர் எறிய ஓரளவு பழக்கம் போதும், 24-க்கு உயரக் கோணம் வேண்டும். தலைக்கு நேரே தட்டையாக எறிந்தால் பாதித் தூரத்தில் விழும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள், ஷூவைவிட அதுதான் முதல் செலவு.

பிசியோ

இங்கே வருபவர்களில் அதிகம் பார்ப்பது முழங்காலுக்குக் கீழே, முன்கால் எலும்பின் உட்புற வலி. தார் ரோட்டில் தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு திடீரென்று தினமும் 5 கிலோமீட்டர் ஓடுவதால் வருவது. மண் தரைக்கு மாறுங்கள், ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். எலும்பில் ஒரே புள்ளியை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எலும்பு டாக்டரிடமே காட்டுங்கள்.

வெயிலை லேசாக எண்ண வேண்டாம். 2024-ல் ஜார்க்கண்ட் கலால் காவலர் தேர்வின் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், வியர்வை நின்றுபோவது, உளறல் எதுவானாலும் உடனே நின்று நிழலுக்குப் போங்கள். எவனோ கொடுக்கும் 'ஸ்டாமினா' ஊசியும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். வலி மாத்திரை போட்டு ஓடுவதும் அதே ரகம்தான்.

காலை ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். வயிறு முட்டப் பொங்கல் தின்றுவிட்டு வரிசையில் நிற்காதீர்கள்.

கயிறு மாஸ்டர்

அளவுக்கும் ஒரு வார்த்தை. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அவர்களில் மேற்சொன்ன பிரிவினருக்கு 157. ஆண்களுக்கு மார்பு 81, விரித்தால் குறைந்தது 5 செ.மீ. கூட வேண்டும். 81 காட்டுவதற்காக முதல் அளவிலேயே பாதி மூச்சை இழுத்து வைத்துக்கொள்பவன், விரிக்கச் சொன்னதும் 2 செ.மீ.தான் விரிப்பான். மூச்சை இயல்பாக விட்டு முதல் அளவைக் கொடுக்கவும், பிறகு ஆழமாக இழுத்து அளப்பவர் படிக்கும்வரை அடக்கி வைக்கவும் வீட்டில் டேப் வைத்துப் பழகுங்கள். தண்டால் மார்பை வளர்க்கும், விரிவைத் தருவது மூச்சுப் பயிற்சி.

திருச்சி தம்பி

169.5 இருக்கிறேன் அண்ணே, ஏதாவது வழி?

கயிறு மாஸ்டர்

காலையில் எழுந்த உடனே அளந்து பார் தம்பி. நாள் முழுக்க நின்றால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும். அதனால் தேர்வுக்கு முந்தின நாள் அலையாதே, நன்றாகப் படுத்துத் தூங்கு, மைதானத்தில் வரிசை நகரும்வரை நிழலில் உட்கார். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் கம்பத்தில் பட, தாடையை நேராக வைத்து நில். முகத்தை மேலே தூக்கினால் உயரம் குறைந்துதான் காட்டும். காலையிலேயே 169.5 என்றால் இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.