முதுகு வலி குறைந்தும் நடை சரியாகவில்லை: பயிற்சியில் என்ன விடுபட்டிருக்கும்?

தொடக்கநிலை_பிசியோ:
நாள்பட்ட கீழ்முதுகு வலி, வயது 45. காலில் மரப்போ பலவீனமோ இல்லை. எட்டு வாரமாக பிரிட்ஜ், பேர்ட் டாக், சைடு பிளாங்க் என்ற உடல் நடுப்பகுதித் தசைப் பயிற்சிகள். வலி 10-க்கு 7 என்றிருந்தது 3-க்கு இறங்கிவிட்டது. நடை மட்டும் பழையபடியே: குட்டை அடி, கை வீச்சு இல்லை, தோளும் இடுப்பும் ஒரே பலகையாகச் சேர்ந்து திரும்புகின்றன. 10 மீட்டர் நடையில் விநாடிக்கு 0.9 மீட்டர். பிளாங்க் நேரத்தைக் கூட்டலாமா?

நடை_ஆய்வகம்:
வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே விறைப்பு அதிகம். பிளாங்க் பழக்குவதும் விறைப்பைத்தான்.

சாதாரணமாக மெதுவாக நடக்கும்போது இடுப்பெலும்பும் மார்புக்கூடும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் திரும்பும். வேகம் கூடக் கூட எதிரெதிராகத் திரும்பத் தொடங்கும். முதுகு வலிக்காரர்களிடம் இந்த மாற்றம் சரியாக வருவதில்லை. ஓய்வெடுக்க வேண்டிய கட்டத்திலும் முதுகுத் தசை இறுகியே இருக்கும். வலி போனாலும் முதுகைக் காக்கும் அந்த இறுக்கம் போவதில்லை.

முதலில் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள். முன்னால் 2 மீட்டர், பின்னால் 2 மீட்டர் விட்டு நடுவிலுள்ள 10 மீட்டரை மட்டும் அளக்கணும். இயல்பான வேகத்தில் மூன்று முறை, முடிந்த மட்டும் வேகமாக மூன்று முறை, இரண்டுக்கும் தனித்தனி சராசரி. வேகமாக நடக்கும்போது 1.4 வந்தால் திறன் இருக்கிறது, பழக்கம்தான் தடை. அப்போதும் 1.0-தான் என்றால் பின்தொடை, பிட்டம், கெண்டைத் தசை பலத்தைப் பாருங்கள்.

தொடக்கநிலை_பிசியோ:
நன்றி மேடம். அளந்தேன்: இயல்பு 0.92, வேகம் 1.38.

நடை_ஆய்வகம்:
அப்படியானால் நடையையே பயிற்சியாகக் கொடுங்கள். சமதளத்தில் 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் இயல்பு, ஐந்து சுற்று. வலி 2 புள்ளிக்கு மேல் ஏறினாலோ மறுநாள் வரை நீடித்தாலோ ஒரு சுற்றைக் குறையுங்கள்.

"முதுகை நிமிர்த்து, வயிற்றை இறுக்கு" என்று சொல்லவே கூடாது. பலகை நடையைக் கற்றுக்கொடுப்பதே அந்தக் கட்டளைதான். "கையைத் தளர விடுங்கள், அடியை நீட்டி வையுங்கள்" போதும். டிரெட்மில் என்றால் கைப்பிடியைத் தொட விடாதீர்கள். பிடித்தவுடன் கை வீச்சும் உடல் திருப்பமும் நின்றுவிடும். மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) இப்போதைக்கு விடுங்கள், குட்டை அடிக்காரர் தாளம் கூடினால் இன்னும் குட்டையாக வைப்பார்.

கூடவே அரை மண்டியிட்டு இடுப்பின் முன்பக்கத் தசையை நீட்டுவது, 30 விநாடி, மூன்று முறை. இடுப்பெலும்பை உள்வாங்காமல் முதுகை வளைத்தால் நீளுவது தசை இல்லை, வளைவதெல்லாம் முதுகுதான்.

தண்டுவடம்:
ஒரு குறுக்கீடு. சில நிமிடம் நடந்ததும் கால் கனக்கிறதா, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ விடுகிறதா என்று கேட்டீர்களா? அப்படியென்றால் தண்டுவடக் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். அவர்களுக்கு முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி தொல்லையைக் கூட்டும், சைக்கிள் ஒத்துக்கொள்ளும். குனியாமல் நின்றாலே விடுகிறது என்றால் ரத்தக் குழாய்ப் பக்கம் பாருங்கள். குதிகாலில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் தொங்கினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர் அடைப்போ தொடை இடுக்கில் மரப்போ வந்தால் அன்றே அவசரப் பிரிவு.

அளவுகோல்:
நடைப்பயிற்சிக்கு ஆதாரம் என்று 2024-இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். 701 பேர், பிசியோ வழிகாட்டலோடு படிப்படியாக நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலையாக 208 நாள், மற்றவர்களுக்கு 112. இலக்கு ஆறு மாதத்துக்குள் வாரம் 5 நாள், 30 நிமிடம். நல்ல முடிவுதான். ஆனால் அது அண்மையில் வலி தீர்ந்தவர்களிடம் செய்தது, அளந்தது வலி திரும்புவதை. நடையின் வடிவம் மாறும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் வலி எண்ணோடு வேகத்தையும் குறித்து வையுங்கள். நான்கு வாரத்தில் விநாடிக்கு 0.1 மீட்டராவது கூடணும். கூடவில்லையென்றால் திட்டத்தை மாற்றுங்கள். பக்கவாட்டில் வீடியோ எடுப்பதென்றால் ஒவ்வொரு முறையும் அதே செருப்பு, அதே தரை.