அம்பாசிடரில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஏறுமா?

மண்டபம் மார்க்3:
அப்பா 1978இல் வாங்கிய அம்பாசிடர், பெட்ரோல், 1489 சிசி. வண்டி இன்னும் ஓடுகிறது, நான்தான் ஓடவில்லை. இடது முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் கிளட்ச் மிதிப்பது பெரும்பாடு. பாம்பன் பாலத்தில்தான் உயிர் போகிறது. முன்னால் டூரிஸ்ட் வேன் நின்று ரயில் பாலத்தைப் படம் பிடிக்கும், பின்னால் நான் ஏற்றத்தில் அரை கிளட்சில் தொங்கிக்கொண்டிருப்பேன்.

கோவையில் ஒருவரிடம் எம்ஜிபி காரிலிருந்து இறக்கிய போர்க் வார்னர் 35 இருக்கிறது. மூன்று கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டரோடு (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக என்ஜின் சக்தியைக் கடத்துவது). எம்ஜிபியும் பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ் என்ஜின், நம்ம வண்டியும் அதே. அப்படியே போல்ட் போட்டு ஏற்றிவிடலாமா? வண்டியை விற்கச் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

தேவிபட்டினம் டீசல்:
பேர்தான் ஒன்று, அண்ணே. உங்கள் கிராங்க், அதாவது என்ஜினின் சுழல் தண்டு, மூன்று பேரிங்கில் சுற்றுவது. எம்ஜிபி 1964 கடைசியிலேயே ஐந்து பேரிங்குக்கு மாறிவிட்டது, ஆட்டோமேட்டிக் வந்தது அதற்குப் பிறகுதான். கிராங்க்கின் பின்முனை, என்ஜின் பின்பக்கத்து பேக் பிளேட் இரண்டுமே வேறு. நெருங்கிய சொந்தம் என்றால் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 6: 1622 சிசி, மூன்று பேரிங், இதே 35 அதில் ஆப்ஷனாக வந்தது. அந்த கன்வெர்ட்டர் ஹவுசிங் (கன்வெர்ட்டரை மூடி என்ஜினோடு சேரும் கூடு) கிடைத்தால் பாதி வேலை மிச்சம். இங்கே எங்கே கிடைக்கப்போகிறது!

அப்போ என்ஜினையும் பெட்டியையும் இணைக்க நடுவில் அடாப்டர் பிளேட்தான். என் ஜீப்பில் இப்படி ஏற்றிப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் அட்டையில் அச்சு எடுத்து, மார்க் போட்டு, துளை அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அம்சமாக இருந்தது. இரண்டே மாதத்தில் முன் சீலில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. இறக்கிப் பார்த்தால் பம்ப் புஷ் ஒரு பக்கமாகவே தின்றிருந்தது, கிராங்க்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் துளையைச் சுற்றி முடி மாதிரி விரிசல். சென்டர் தவறியதுதான் காரணம். டயல் கேஜைக் கிராங்க்கில் கட்டி, ஹவுசிங் துளையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முள் 10 தௌவுக்கு (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் ஆடக் கூடாது. சரியாக வந்த பிறகே, இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் அடிக்க வேண்டும்.

இன்னொன்று, பிளேட் கனத்துக்குக் கியர் பாக்ஸ் பின்னால் போய்விடும், கன்வெர்ட்டர் மூக்கு கிராங்க்கில் உட்காராது. அதற்கு ஒரு ஸ்பேசர் கடைய வேண்டும். ஹவுசிங் போல்ட் முழுக்க முறுக்கின பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், முன்னால் இழுக்க இரண்டு மூன்று மில்லி இடம் வேண்டும். இடமில்லாமல் இறுக்கினால் ஸ்டார்ட் பண்ணும்போதே பம்ப் காலி.

கீழக்கரை கார்புரேட்டர்:
தம்பி, கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கிக்டவுன் கேபிளை மறந்துவிடாதீர்கள். வேகமாகக் கியர் இறக்க மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். 35இல் ஆயில் பிரஷரும் அந்தக் கேபிளைப் பார்த்துத்தான் ஏறும். உங்கள் கார்புரேட்டர் லீவர் நீளம் வேறு. கேபிள் குறைவாக இழுத்தால் பிரஷர் ஏறாமல் உள்ளே கிளட்ச் வழுக்கிக் கருகும். பிரஷர் கேஜ் போட்டு செட் பண்ணுங்கள். அந்தப் பெட்டி 1798 சிசிக்கு டியூன் ஆனது, முழு ஆக்சிலேட்டரில் கியர் மாறுவதற்குள் உங்கள் என்ஜின் கத்தித் தீர்த்துவிடும். பெட்டியின் ஆயில் கூலருக்கு இரும்புக் குழாய் போடாதீர்கள், நம்ம உப்புக்காற்றுக்குத் தாங்காது.

மண்டபம் மார்க்3:
நன்றி காக்கா. படகுக்குக் கப்ளிங் கடையும் லேத்துக்காரரிடம் நேற்றே கேட்டேன். "பிளேட் அறுக்க ஒரு நாள், சென்டர் பிடிக்க மூணு நாள்" என்றார். சரியான ஆள்தான். கோவைக்காரருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. முதலில் ஃப்ளைவீலைக் கழற்றி கிராங்க் முனையை அளந்து படம் போடுகிறேன். அதுவரை ராமேஸ்வரத்துக்குப் பஸ்தான்.