கியோனோடாக்சா: தனிப் பேரினமா, சில்லாவா?

நீலக்குமிழ்:
வசந்தத்துல நீலப் பூ பூக்கிற குமிழ்ச்செடி கியோனோடாக்சா. "கியோனோடாக்சான்னு ஒரு பேரினமே (கிட்டத்து இனங்களைச் சேர்த்த தொகுதி) கிடையாது, எல்லாம் அதோட சொந்தக்காரச் செடியான சில்லாதான்"னு ஒருத்தர் இங்கே எழுதிட்டுப் போயிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. மேற்குத் துருக்கி மலையில கிடைச்ச செடிக்காக 1844-ல சுவிஸ் தாவரவியலாளர் புவாசியே வகுத்த பேரினம் இது. பூவைக் கையில எடுத்துப் பாருங்க. மகரந்தப் பையைத் தாங்குற ஆறு மகரந்தக் கம்பியும் பட்டையா, வெள்ளையா, நடுவுல நெருங்கி நின்னு கூம்பா இருக்கும். சில்லாவுல எங்கே அப்படி இருக்கு?

வேர்முடிச்சு:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவோட செடிப்பேர்ப் பட்டியல்ல, கியோனோடாக்சா லூசிலியேங்கிற இனம் 'சில்லா லூசிலியே'ன்னுதான் இருக்கு. டிஎன்ஏ ஆய்வுல கியோனோடாக்சா, சில்லா பைஃபோலியாங்கிற சில்லா இனத்துக்குப் பக்கத்துலதான் வருது. இதை மட்டும் பிரிச்சா மிச்ச சில்லா ஒரே வம்சமா நிக்காது.

நீலக்குமிழ்:
பட்டியல் கதை வேண்டாம். கம்பிக்குப் பதில் சொல்லுங்க.

மலைத்தோட்டம்:
ரெண்டும் கலந்து கியோனோசில்லான்னு கலப்பினமே இருக்கே? அதுல கம்பி ரெண்டுக்கும் நடுவாப்ல இருக்கும்.

நீலக்குமிழ்:
கலந்தா ஒரே பேரினமா? ஆர்க்கிட்ல பேரினம் தாண்டி எத்தனை கலப்பு! நான் கேட்டது பட்டைக் கம்பியைப் பத்தி.

வேர்முடிச்சு:
ஒரு கம்பியை வச்சுப் பேரினம் கட்ட முடியாது.

நீலக்குமிழ்:
அப்போ இதே சொந்தத்துல இன்னொரு குமிழ்ச்செடி புஷ்கினியா? அதுல கம்பிகள் ஒண்ணா சேர்ந்து கிண்ணமா நிக்கும். அதைத் தனிப் பேரினமா ஏத்துக்குவீங்க, கியோனோடாக்சா கம்பி மட்டும் கணக்குல வராதா?

வேர்முடிச்சு:
லூசிலியேன்னு நீங்க போட்ட படத்துல ஒரே தண்டுல கொத்தா பூ. அசல் லூசிலியேல ஒண்ணு ரெண்டு பெரிய பூதான், மேலே பார்த்து நிக்கும். உங்களுது ஃபோர்பெசிங்கிற வேற கியோனோடாக்சா இனம். இனமே தெரியாதவர் பேரினம் பேச வந்துட்டார்.

நீலக்குமிழ்:
கடைக்காரன் ஒட்டின பேர் அது! லூசிலியேன்னு ஃபோர்பெசியைத்தான் காலங்காலமா விக்கிறாங்க. குமிழ் மாத்திக்கலாம்னு என்கிட்ட வாங்கிட்டு, பதிலுக்கு ஒண்ணுமே அனுப்பாதவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வேர்முடிச்சு:
நீங்க அனுப்பினதுல பாதி அழுகல். அதை அப்பவே சொன்னேன்.

பழையகிழங்கு:
லிலியேசியேங்கிற லில்லிக் குடும்பத்தை உடைச்சு இந்தச் செடிகளையெல்லாம் அஸ்பராகேசியேங்கிற தண்ணீர்விட்டான் குடும்பத்துல போட்டாங்களே, கோளாறு அங்கேயே ஆரம்பிச்சாச்சு.

மலைத்தோட்டம்:
ஐயா, அது வேற பஞ்சாயத்து.

நீலக்குமிழ்:
குடும்பம் எதுவா வேணா இருக்கட்டும். அழுகின குமிழ் நான் யாருக்கும் அனுப்பினதில்லை. கம்பிக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை.

வேர்முடிச்சு:
சொல்லியாச்சு. மேலே போய்ப் படிங்க.