பதில்: தியேட்டர் வாசலில் கல்வெட்டு – காசு சேர்ப்பு

அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் மூடிப்போன எங்கள் தியேட்டரின் வாசலில் சங்கத்துக் காசில் கல்வெட்டு வைப்போம் என்ற செயலாளர் அண்ணாவின் மடல் பார்த்தேன். கல்லில் யார் யாருடைய பெயர் வரும் என்று வரிவரியாக இருக்கிறது, கல்லின் விலைதான் இல்லை. வாசிகசாலைக்கு ஓடு மாற்றிய கணக்கும் வாய்க்கணக்காகவே முடிந்தது. அதை நான் மறக்கவில்லை.

அது கிடக்கட்டும். மருமகள் அண்மையில் திருகோணமலைக்குப் போய்வந்தாள். தியேட்டர்காரர் வீட்டுப் பின்வளவில், தகரக் கொட்டிலுக்குள் புரொஜெக்டர் இரண்டும் கிடக்கிறதாம். விளக்குக் கூட்டின் கதவு கழன்றுவிட்டது, உள்ளே குழிக் கண்ணாடி முழுக்கக் கோழி எச்சம். பழைய இரும்புக்காரன் வந்து விலையும் பேசிவிட்டான். படம் இணைத்திருக்கிறேன். நெல்சன் தியேட்டரில் இதைவிட வடிவான மெசின் இருந்தது என்று சிட்னி அக்கா தொடங்கவேண்டாம்.

ஏன் இரண்டு என்று எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். 2000 அடி ரீல் 20 நிமிடத்துக்குச் சற்று மேலேதான் ஓடும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் புள்ளி மின்னினால் மற்ற மெசினின் மோட்டரைப் போடவேண்டும், அடுத்த புள்ளிக்குப் படத்தை மாற்றவேண்டும். பிந்தினால் கலரியில் விசில்தான். வெளிச்சம் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிந்த நெருப்பு. குச்சி தேயத் தேய இடைவெளி கூடித் திரை மஞ்சளடிக்கும். ஒப்பரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருகிக் கிட்டக் கொண்டுவருவார். அந்தச் சூட்டுக்குள் நின்ற பெரியவர் இன்னும் பாலையூற்றில் இருக்கிறார். கல்வெட்டுப் பட்டியலில் முதலாளியின் மருமகன்மார் எல்லோரும் உண்டு, அவர் மட்டும் இல்லை!

83 கலவரம்தான் தியேட்டரைத் தின்றது என்கிறார் ஒஸ்லோத் தம்பி. அது பாதிக் கதை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைக் கையில் எடுத்தபோதே இந்தியப் படங்களின் வரத்துச் சுருங்கிவிட்டது. கீறல் விழுந்த பழைய பிரதிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள், நாங்களும் திரும்பத் திரும்பப் போனோம். 1979இல் தொலைக்காட்சி, 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாகினி, கூடவே வாடகைக்கு வீடியோ டெக். அப்புறம் ஊரடங்கு. இருட்டினால் வெளியே போகமுடியாத ஊரில் இரண்டாம் ஆட்டத்துக்கு யார் வருவது? மூதூர் லோஞ்சுப் படகில் வந்து மட்னி ஆட்டம் பார்த்துவிட்டுப் போன சனமும் நின்றுபோனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இரும்புக்காரனுக்கு முன் மெசின் இரண்டையும் வாங்குவோம். பெரியவரிடம் யாராவது போய் அவர் சொல்வதை வீடியோவில் பதியட்டும், அவருக்குக் கையில் ஏதாவது கொடுக்கவும் வேண்டும். இதற்கென்றால் என் பங்கு நாளைக்கே பொருளாளருக்கு வரும், பற்றுச்சீட்டு தரவேண்டும். கல்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வைக்கலாம், சங்கத்துக் காசில் வேண்டாம்.