பொங்கல் பதாகையில் கொம்பு இடம் மாறி நிற்கிறது, நாளை காலை அச்சு, உதவுங்கள்

ஈசூன்வாசி, இரவு 10.52
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் பொங்கல் விழா. பதாகை வேலை என் தலையில். தடித்த அலங்கார எழுத்துரு ஒன்றை இறக்கினேன், அழகாக இருக்கிறது. ஆனால் 'பொங்கல்' என்று ஒட்டினால் ப முதலில் வருகிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. காலை 10 மணிக்குக் கடையில் கொடுக்க வேண்டும். தமிழை இப்படி உடைத்துத் தொங்கவிட எனக்கு மனம் வராது. யாராவது சொல்லுங்கள்.

அச்சுமை, 10.58
எந்த மென்பொருள்? எழுத்துருவின் பெயர் என்ன? திரையிலேயே உடைகிறதா, பிடிஎஃப் எடுத்த பிறகா?

தேக்கா_அக்கா, 11.01
எழுத்துரு சரியாக இறங்கியிருக்காது தம்பி. அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுங்கள். எனக்கு இரண்டு முறை அப்படித்தான் சரியானது.

பழைய_தட்டச்சு, 11.06
யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையை விட்டுவிட்டுப் பழைய பாமினி எழுத்துருவில் அடியுங்கள். அதில் கொம்பு தனி எழுத்து, நாம் எங்கே அடிக்கிறோமோ அங்கேயே நிற்கும். 20 வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன், ஒருநாளும் உடைந்ததில்லை.

எழுத்துக்கூடு, 11.11
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த எழுத்துரு. நீங்கள் இறக்கியது யூனிகோடு என்றால் பாமினி விசையில் அடித்து ஒரு பயனும் இல்லை. இந்த அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய_தட்டச்சு, 11.14
அடிப்படை தெரியாமலா இவ்வளவு பத்திரிகை அடித்தேன்?

அச்சுமை, 11.17
சண்டை அப்புறம். ஈசூன்வாசி, மென்பொருள் எது?

ஈசூன்வாசி, 11.20
இல்லஸ்ட்ரேட்டர். எழுத்துரு பலூ தம்பி 2, இருப்பதிலேயே தடித்தது. திரையிலேயே உடைகிறது. வேர்டில் சரியாக வருகிறது. மறுபடியும் நிறுவிப் பார்த்தேன் அக்கா, மாற்றம் இல்லை.

அச்சுமை, 11.29
முதலிலேயே சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம். எழுத்துருவில் குறை இல்லை. அது ஏக் டைப் குழுவினர் செய்தது, தமிழ் ஒழுங்காக இருக்கிறது, இலவச உரிமம், அச்சுக்கும் தடையில்லை.

யூனிகோடில் 'ெ' எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். காட்டும்போது அதை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. 'ொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து ப-வின் இருபக்கமும் நிறுத்த வேண்டும். வேர்டு அதைச் செய்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்துகளை அடுக்கிக் காட்டும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர். சாதாரண கம்போசர் ஓடினால் இதைச் செய்யாது.

பிரிஃபரன்சஸ், டைப் பக்கத்தில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். பிறகு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகையின் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' கம்போசரைப் போடுங்கள். கடைக்கு அனுப்பும் கோப்பில் கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுத்து எழுத்தை வெறும் வரைபடமாக மாற்றிவிடுங்கள். அவர்கள் கணினியில் திறந்தாலும் உடைய எழுத்தே இருக்காது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா_அக்கா, 11.33
அதற்கு மேலும் தடிக்க வேண்டும் என்று எழுத்தின் விளிம்பைச் சுற்றி ஸ்ட்ரோக் கோடு ஏற்றிவிடாதீர்கள் தம்பி. 'ங்' புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், 'ழ' சுழியின் உட்பக்கம் அடைந்துபோகும். பத்தாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் கருப்புக் கட்டிதான் தெரியும். தடித்ததாகவே வரைந்த எழுத்தில் அந்த உள்வெளியை வரைந்தவர் பார்த்துப் பார்த்துத் திறந்து விட்டிருப்பார். நாம் மேலே பூசினால் அந்த உழைப்பெல்லாம் வீண்.

பழைய_தட்டச்சு, 11.40
பதாகையில் 'மாலை 6 மணி' வரும்தானே? 'லை'யை யானைத் தும்பிக்கை போல் வளைத்த பழைய வடிவத்தில் போடுங்கள். அலங்கார எழுத்துக்கு அந்த வளைவுதான் லட்சணம். இந்த இரட்டைச் சுழி எனக்கு மொட்டையாகத் தெரிகிறது.

எழுத்துக்கூடு, 11.44
1978-இல் தமிழ்நாட்டு அரசாணை 13 எழுத்துகளை மாற்றியபோது இந்த லையும் அதில் போனது. இங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் புது வடிவம் மட்டுமே படித்தவர்கள். அவர்கள் தடுமாறும் எழுத்து பதாகைக்கு எதற்கு?

பழைய_தட்டச்சு, 11.49
கண்ணிலேயே காட்டாவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? என் பேத்தி என் அம்மா எழுதிய கடிதத்தைப் படிக்கிறாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எழுத்துக்கூடு, 11.52
கடிதத்தை உட்கார்ந்து படிக்கலாம். பதாகையை எம்ஆர்டி ரயிலுக்கு ஓடிக்கொண்டே படிக்க வேண்டும்.

தேக்கா_அக்கா, 11.55
விழாப் பேரைப் பெரிதாகப் பழைய வடிவத்தில் வரைந்து, நேரமும் இடமும் புது வடிவத்தில் போடலாமே. ஆனால் பொங்கலில் லை இல்லை!

ஈசூன்வாசி, மறுநாள் காலை 9.20
கம்போசர்தான். சரியாகிவிட்டது. நன்றி அச்சுமை, நன்றி அக்கா. ஸ்ட்ரோக் ஏற்றித்தான் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். கடைக்குக் கிளம்புகிறேன்.

அச்சுமை, 9.24
மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். அவுட்லைன் கொடுத்த பிறகு பிழை இருந்தால் கடையில் யாராலும் திருத்த முடியாது.

பழைய_தட்டச்சு, 9.31
லை எந்த வடிவம் போட்டீர்கள் தம்பி?

பழைய_தட்டச்சு, மாலை 7.05
தம்பி?