லோயிஸ் வெபரை முடித்தது பேசும்படமா?

வாவிக்கரை:
வணக்கம். கல்லடியில் படிக்கிறேன், ஊமைப்படக் காலம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அமெரிக்காவில் கதையும் எழுதி இயக்கவும் செய்த லோயிஸ் வெபரை எடுத்திருக்கிறேன். 1916இல் யுனிவர்சல் படக் கம்பனியின் முன்னணி இயக்குநர்களில் ஒருவராக இருந்தவர் 1920களில் ஏன் அப்படி மங்கிப்போனார்? பேசும்படம் வந்துதான் ஆளை முடித்தது என்கிறார்கள் கூட்டாளிகள். சரியா? அப்புறம், எந்தப் படத்தில் தொடங்கலாம்? டேட்டா குறைவு, நீளப் படம் ஏலாது.

படப்பெட்டி:
தம்பியோ தங்கச்சியோ, ஆண்டைப் பாருங்க. பேசும்படக் காலத்தைத் தொடங்கிவைத்த 'ஜாஸ் சிங்கர்' வந்ததே 1927 ஒக்டோபரில். வெபருக்குச் சறுக்கல் தொடங்கியது 1921இல். 1917இல் சொந்தக் கம்பனி, 1920இல் பாரமவுண்ட் படக் கம்பனியோடு படத்துக்கு 50,000 டொலரும் இலாபத்தில் பாதியும் என்று ஒப்பந்தம், அடுத்த வருசமே அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். முதலாம் உலகப் போர் முடிந்தபிறகு சனம் ஆட்டமும் பாட்டும் கேட்டது, இவரோ வறுமை, கருத்தடை, மரண தண்டனை என்று படம் எடுத்தவர். அதைவிடப் பெரிய காரணம், பெரிய கம்பனிகள் தியேட்டர்களையும் வாங்கிப் போட்டன, சொந்தமாகப் படம் எடுப்பவர்கள் அதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது?

கல்முனைக்காரன்:
'சஸ்பென்ஸ்' (1913) பாருங்க, பத்து நிமிசம்தான். வீட்டுக்குள் தனியே மனைவி, போனில் கணவன், வாசலில் திருடன், மூன்று பேரையும் ஒரே திரையை முக்கோணமாகப் பிரித்துக் காட்டுவார். அந்த மனைவியாக நடித்ததும் வெபர்தான். பிறகு 'ஷூஸ்' (1916). வாரம் ஐந்து டொலருக்குக் கடையில் நிற்கும் பெண், தேய்ந்த சப்பாத்துக்குள் மட்டை வெட்டி வைத்துக்கொண்டு மழையில் நடக்கிறாள், தகப்பன் வேலைவெட்டி இல்லாமல் கட்டிலில் கிடந்து புத்தகம் வாசிக்கிறார். எங்கள் பஸாரில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். ஆனால் சில படங்களில் பிரசங்கம் கூடிப்போகும், அதையும் எழுதுங்க. சினிமாவுக்கு முன் அவர் தெருவில் மதப்பணி செய்தவர்.

மாஸ்டரின் மகள்:
பிரசங்கம் என்று ஒதுக்கிவிட வேணாம். 'த பிளொட்' (1921) பார்த்தீங்களா? சம்பளம் போதாத பேராசிரியரின் வீடு, பக்கத்தில் சப்பாத்து வியாபாரத்தில் செழித்த வீடு. நோயாளி மகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத தாய், அடுத்த வீட்டு ஜன்னலில் இருக்கும் கோழியை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பாள். எடுத்ததை மட்டும் கண்ட மகள் வெட்கத்தில் கூனிப்போவாள். அந்த இடத்தில் ஒரு உபதேசமும் இல்லை. மாஸ்டர்மாரின் சம்பளக் கதை தெரிந்த எங்களுக்கு விளக்கமும் தேவையில்லை.

வாவிக்கரை:
நன்றி, 'த பிளொட்' வைஃபை இருக்கிற இடத்தில் பார்க்கிறேன். பேசும்படம் ஒன்றுமே எடுக்கவில்லையா?

படப்பெட்டி:
ஒன்று இருக்கு, 'வைட் ஹீட்', 1934, ஹவாயில் எடுத்தது, அதுதான் கடைசிப் படமும். 1939இல் இறந்துவிட்டார். அதன் பிரதி தொலைந்துவிட்டது, தேடி டேட்டாவை முடிக்காதீங்க. அதே பெயரில் 1949இல் வந்த கொள்ளைக்காரப் படம் வேறு, கட்டுரையில் மாறிப் போட்டுவிட வேணாம்.