36 துணிக் கட்டங்கள், தொட்டால் குரல் கேட்க வேண்டும்: நூல், சென்சார், இணைப்பு குறித்து

நூல்கண்டு (கேள்வி)

குழுவாகச் செய்யும் கலைப் பணி ஒன்றின் திட்டம் இது. 36 பேர், ஆளுக்கு 25 செ.மீ. சதுரத்தில் ஒரு பருத்தித் துணிக் கட்டம். அவரவர் விரும்பும் உருவத்தைக் கையால் பூவேலை செய்வார்கள். உருவத்தின் ஒரு பகுதி மட்டும் மின்கடத்தும் நூலில். 36-ஐயும் சேர்த்து 150 × 150 செ.மீ. திரையாகத் தொங்கவிட வேண்டும். ஒரு கட்டத்தைத் தொட்டால் அதைத் தைத்தவரின் குரல் 10 நொடி கேட்க வேண்டும். மூன்று வாரம், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட வேண்டும். தைப்பவர்களுக்கு ஊசி வேலை நன்றாக வரும். மின்சாரம் பக்கம் அறிமுகம் இல்லை.

கேட்க வேண்டியவை: துருப்பிடிக்காத எஃகு நூலா, வெள்ளி பூசிய நைலான் நூலா? வீட்டில் மீந்திருக்கும் சரிகையே போதுமா? கையில் இஎஸ்பி32 (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை) இருக்கிறது, அதில் தொடுதலை உணரும் முனைகள் 10-தான். நான்கு வாங்கி ஓட்டலாமா? நூலையும் ஒயரையும் எப்படி இணைப்பது? அழுக்கானால் துவைக்க வழி உண்டா?

---

மின்முனை

நான்கு இஎஸ்பி32 வேண்டாம். நான்கும் ஒரே ஒலிக்கருவிக்குக் கட்டளை அனுப்பப் போட்டி போடும். அதைச் சமாளிக்கத் தனி நிரல் எழுத வேண்டிவரும். ஒரே இஎஸ்பி32, அதோடு தொடுதலை உணரும் எம்பிஆர்121 சிப் உள்ள பலகை மூன்று என்று போங்கள். ஒன்றில் 12 தொடுமுனை, மூன்றில் 36. முகவரி முனையை எங்கே இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நான்கு ஐ2சி முகவரிகள் கிடைக்கும் (ஐ2சி என்பது எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு ஒயரிலேயே பல பலகைகள் பேசிக்கொள்ளும் முறை): தரைமுனையில் 5ஏ, 3.3 வோல்ட்டில் 5பி, எஸ்டிஏ-வில் 5சி, எஸ்சிஎல்-லில் 5டி. 36 கட்டத்துக்கு 36 முனை என்றால் கைவசம் ஒன்றும் மிஞ்சாது. நான்காவது பலகையையும் இப்போதே மாட்டிவிடுங்கள், ஒரு முனை செத்தால் ஒயரை மாற்றிக் குத்திக்கொள்ளலாம். சிப்பின் உச்சவரம்பு 3.6 வோல்ட். பலகையில் ரெகுலேட்டர் இல்லையென்றால் 5 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகலாம்.

பலகைகளை ஒரே மூலையில் குவிக்காதீர்கள். திரையை இரண்டிரண்டு வரிசையாக, 50 × 150 செ.மீ. பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு பலகை வையுங்கள். அப்போது மிக நீளமான ஒயர் 75 செ.மீ. தாண்டாது, பலகைகளுக்கு இடையே ஓடும் ஐ2சி கேபிளும் மொத்தம் 1 மீட்டருக்குள் அடங்கும். வேகம் 100 கிலோஹெர்ட்ஸ் போதும். விரலுக்கு அதைவிட அவசரம் கிடையாது.

ஒலிக்கு டிஎஃப்பிளேயர் மினி, கார்டிலுள்ள கோப்பை ஒலிக்கும் சிறு பலகை. 32 ஜிபி வரையுள்ள மைக்ரோ எஸ்டி கார்டை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து, எம்பி3 என்ற பெயரில் ஃபோல்டர் போட்டு, கோப்புகளுக்கு 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயர் வையுங்கள். அந்த ஃபோல்டரிலிருந்து எண் சொல்லி ஒலிக்கும் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். சாதாரண 'ப்ளே' கட்டளை பெயரைப் பார்க்காது, கார்டில் எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அந்த வரிசையைத்தான் பார்க்கும். 7-ஐத் தொட்டால் 19-இன் குரல் வரும் புகாரில் பாதி இதனால்தான். மேக் கணினியில் நகலெடுத்தால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் கூடவே போய் எண்ணிக்கையைக் குழப்பும், அழித்துவிடுங்கள். இஎஸ்பி32-இலிருந்து டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) முனைக்குப் போகும் ஒயரில் 1 கிலோஓம் மின்தடை போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும்.

இதில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். இரண்டு பேர் இரண்டு கட்டத்தைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டுமென்றால் கருவியே மாறும்: டீன்சி 4.0 என்ற நிரல் பலகையும் அதன் ஆடியோ பலகையும், அல்லது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. பை வாங்கினால், பை 5-இலும் ஜீரோவிலும் ஹெட்போன் துளை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். தினமும் பிளக்கைப் பிடுங்கி அணைக்கும் இடத்தில் பையின் கார்டு கெட்டுப்போகும், படிக்க மட்டும் என்ற நிலையில் அமைக்க வேண்டும்.

---

காம்புத்தையல்

நூல் பக்கம் நான் சொல்கிறேன்.

சரிகையை எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். இப்போது கிடைப்பதில் பெரும்பங்கு பாலியஸ்டர் நாடாமேல் உலோகப் பூச்சு, அதற்கும் மேல் ஒரு வார்னிஷ். பளபளப்பு இருக்கும், மின்சாரம் போகாது. மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் 10 செ.மீ. இடைவெளியில் வைத்துப் பாருங்கள். எண் வந்து நிலையாக நின்றால் எடுத்துக்கொள்ளலாம். உண்மையான வெள்ளி, செம்புச் சரிகை கடத்தும். ஆனால் நாளடைவில் கறுக்கும்.

வெள்ளி பூசிய நைலான் மிருதுவானது, ஊசியில் இழைவாக ஓடும். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும், வியர்வைக் கை பட்டுப்பட்டுக் கறுக்கும். நாள் முழுக்க தொடப்படும் திரைக்கு எஃகு நூல்தான் சரி. மூன்று புரி எஃகு நூல் மீட்டருக்கு ஏறத்தாழ 30 ஓம், இரண்டு புரி 50 ஓம். எல்இடி எரிய வைக்கும் வேலையில் இந்த வித்தியாசம் பெரிது. தொடு உணர்வில் சில நூறு ஓம்கூட ஒன்றும் செய்யாது. கெடுப்பது தளர்ந்த முடிச்சு: துணி அசையும்போதெல்லாம் மதிப்பு எகிறி இறங்கும், சிப் அதைத் தொடுதலாக எண்ணிக்கொள்ளும்.

அளவு: விரல் படும் இடம் 2.5 செ.மீ. சதுரம் போதும். அதை சாட்டின் தையலால் (நெருக்கமாக அடுக்கும் தையல்) நிரப்பினால் முன்னும் பின்னுமாக 1.25 மீட்டர் நூல் தின்னும். அதற்குப் பதில் எஃகு நூலைத் துணிமேல் 3 மி.மீ. இடைவெளியில் வளைத்து வளைத்துப் படுக்கவைத்து, சாதாரணப் பருத்தி நூலால் 5 மி.மீட்டருக்கு ஒரு கட்டுத் தையல் போட்டால் 20 செ.மீ. போதும். பட்டன் வரை போகும் வழிக்கு 15, பட்டனைச் சுற்ற 15, வீணாவதற்கு 10. ஆக 60 செ.மீ. ஆளுக்கு 1 மீட்டர் வெட்டிக் கொடுங்கள். பழகவும் பிரித்துத் திரும்பத் தைக்கவும் சேர்த்து 60 மீட்டர் வாங்கினால் கணக்கு முடிந்தது. படுக்கவைத்துக் கட்டும் முறையில் இன்னொரு லாபம், எஃகு நூலைத் துணிக்குள் இழுத்து இழுத்து அதன் புரி பிரியாது. அப்படியும் ஊசியில் கோக்க வேண்டிய இடத்தில் காது பெரிய ஊசி, 45 செ.மீ. நீளத்துக்கு மேல் வேண்டாம். மெஷினில் தைப்பவர் இருந்தால் எஃகு நூல் பாபினில் மட்டும். மேல்நூலாகப் போட்டால் டென்ஷன் தட்டில் சிக்கிப் பிய்ந்துபோகும்.

முடிச்சு எஃகில் நிற்காது, வில் போல விரிந்துகொள்ளும். மூன்று முடிச்சு போட்டு, இறுக்கி, அதற்குப் பிறகு நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு. முன்னதாகப் பூசினால் இழைக்கும் உலோகத்துக்கும் நடுவே அதுவே காப்பாகிவிடும். நுனியை 3 மி.மீ.க்கு வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு மயிரிழை பக்கத்துக் கட்டத்தைத் தொட்டால் இரண்டு குரலும் குழம்பும்.

இணைப்புக்கு உலோக பிரஸ் பட்டன். எஃகு நூலில் சால்டர் ஒட்டாது, அதில் மினக்கெட வேண்டாம். பட்டனின் ஒரு பாதியைக் கட்டத்தின் பின்பக்கம் எஃகு நூலாலேயே தையுங்கள், ஒவ்வொரு துளையிலும் ஐந்தாறு சுற்று. மறுபாதியில் ஒயரை சால்டர் செய்து, பின்திரையாக வைக்கும் காடாத்துணியில் தையுங்கள். வரிசை முக்கியம்: முதலில் சால்டர், பிறகு தையல். துணியில் தைத்துவிட்டு சால்டர் வைத்தால் துணி கருகும். பட்டனின் மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால்தான் ஈயம் பிடிக்கும்.

கட்டங்களை ஒன்றோடொன்று தைத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. ஒவ்வொன்றையும் ஓரம் மடித்து முடித்து, நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், மின்சாரத்துக்கு ஒரே ஒரு உலோகப் பட்டன். மொத்தம் பிளாஸ்டிக் 144, உலோகம் 36 ஜோடி. பழுதான கட்டம் மட்டும் பட்டென்று கழன்று வரும். கட்டத்தில் ஒயரும் இல்லை, பலகையும் இல்லை. கையால் அலசி நிழலில் உலர்த்தலாம். துவைக்கும் கேள்விக்கும் இதிலேயே பதில்.

---

பொதுத்திண்ணை

மேலே உள்ளவரின் யோசனைக்கு மின்சாரம் தாண்டியும் ஒரு பயன் உண்டு. பலர் சேர்ந்து தைக்கும் திரைகளில் அளவு ஒன்றை மட்டும் கறாராக வைத்து, மற்றதை விட்டுவிட்டதால் தழைத்தவை உண்டு. எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் தைத்த எய்ட்ஸ் நினைவுத் திரையில் ஒவ்வொரு பலகமும் 3 × 6 அடி. எட்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 பலகங்கள் இருந்தன.

உங்களுக்கும் விதி நான்கைந்து போதும். வெட்டும் அளவு 28 செ.மீ., அதில் சுற்றிலும் 1.5 செ.மீ. மடிப்புக்கு. பருத்தி சுருங்கும், ஆகவே வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். முடிந்த கட்டத்தின் ஓரத்திலிருந்து 3 செ.மீ.க்குள் எஃகு நூல் வரக்கூடாது. உலோகப் பட்டன் எல்லாருக்கும் ஒரே இடம்: கீழ் ஓரத்திலிருந்து 5 செ.மீ., அகலத்தில் நடு. தொடும் இடம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. உருவத்தை நீங்கள் வரைந்து கொடுத்து அதை நிரப்பச் சொன்னால், அது 36 பேரின் வேலையாக இல்லாமல் ஒருவரின் வேலைக்கு 36 கூலியாட்கள் என்றாகிவிடும். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இந்த வகைப் பணிகளில் அதிகம் நடக்கும் பிசகு அதுதான்.

தைப்பவர்களே சோதித்துக்கொள்ள ஒரு சின்னக் கருவி செய்து கொடுங்கள்: சிஆர்2032 பட்டன் பேட்டரி, சிவப்பு எல்இடி, இரண்டு முதலைக் கவ்வி. ஒன்றை பட்டனில் மாட்டி, மற்றதால் உருவத்தைத் தொட்டால் எல்இடி எரிய வேண்டும். துணியைக் கசக்கி அசைத்தாலும் மினுக்கக் கூடாது. வெள்ளை, நீல எல்இடி 3 வோல்ட்டுக்கு மங்கலாகத்தான் எரியும், சிவப்பே போடுங்கள்.

குரல் பதிவுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்: எங்கெல்லாம் ஒலிக்கும், பெயர் போடலாமா, காட்சி முடிந்ததும் கட்டம் யாருக்குச் சொந்தம், இடையில் விலகினால் கோப்பு அழிக்கப்படுமா. கழற்றக்கூடிய கட்டம் என்பதால் விலகுபவருக்கு அவருடைய துணியை முழுசாகத் திருப்பித் தரவும் முடியும்.

---

நூல்கண்டு

மூவருக்கும் நன்றி. ஆறு கட்டம் வைத்து மாதிரி மாட்டியாயிற்று. இரண்டு சிக்கல். 3-ஐத் தொட்டால் சில சமயம் 4 பேசுகிறது. குரல் ஒலிக்கத் தொடங்கியதும் யாரும் தொடாத கட்டங்களும் வரிசையாகக் கிளம்புகின்றன. ஒயர்களை அழகாக ஒரே கட்டாகக் கட்டி டேப் சுற்றியிருக்கிறது. மின்சாரம் செல்போன் சார்ஜரிலிருந்து வருகிறது.

---

மின்முனை

கேள்வியின் கடைசி வரியிலேயே இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

ஒயர்க் கட்டைப் பிரியுங்கள். சேர்ந்து ஓடும் இரண்டு ஒயர் ஒரு மின்தேக்கிதான். 3-இல் ஏற்படும் மாற்றம் 4-க்கும் தாவும். மெல்லிய ஒயர், ஒன்றுக்கொன்று குறைந்தது 1 செ.மீ. இடைவெளி, குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாக. ஒயர் போகும் தடத்துக்கும் முன்துணிக்கும் நடுவே 5 மி.மீ. தடிப்பில் கம்பளித் துணி ஒன்று வையுங்கள். பருத்தித் துணி மட்டும் இருந்தால், முன்னால் வைக்கும் விரலைப் பின்னால் ஓடும் ஒயரே உணர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, மின்சாரம். சத்தம் எழும்போது டிஎஃப்பிளேயர் சட்டென்று அதிகம் இழுக்கிறது, 5 வோல்ட் குழிவிழுகிறது, அந்த அதிர்ச்சியை எம்பிஆர்121 விரல் என்று எண்ணுகிறது. டிஎஃப்பிளேயரின் மின்முனைகளுக்கு ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. 2 ஆம்பியர் தரும் தரமான அடாப்டர். மலிவான சார்ஜர்களின் இரைச்சல் தொடுசென்சாருக்கு நேர்ப்பகை. பவர்பேங்க் பக்கம் போகாதீர்கள், இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் தானாகவே அணைந்துவிடும்.

எவ்வளவு மாற்றம் வந்தால் தொடுதல் என்று சிப் எண்ண வேண்டும் என்ற வரம்பை, இவ்வளவும் செய்த பிறகு மாற்றுங்கள், முன்னால் அல்ல. ஒவ்வொரு முனைக்கும் அடிப்படை மதிப்பையும் (யாரும் தொடாதபோது உள்ளது) அப்போதைய மதிப்பையும் சீரியல் வழியாகக் கணினித் திரையில் காட்டிப் பாருங்கள். விரல் வைத்ததும் வித்தியாசம் 30 என்றால் தொடு வரம்பு 14, விடு வரம்பு 7 என்று வைக்கலாம். வழக்கமாக லைப்ரரி (சிப்புக்கான ஆயத்த நிரல்) வைக்கும் 12, 6 குட்டை ஒயருக்கு ஏற்றவை. நிரலில், வரம்பைத் தாண்டிய முதல் முனையை எடுக்காமல், தாண்டியவற்றில் எதன் வித்தியாசம் அதிகமோ அதை எடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பக்கத்துக் கட்டம் பேசுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

---

காம்புத்தையல்

தொங்கவிட மரச்சட்டம் போடுங்கள். பின்னால் இரும்புக் குழாயோ உலோகச் சட்டமோ இருந்தால் அதற்கு அருகிலுள்ள கட்டங்கள் மந்தமாகும். சுவரிலிருந்து 3 செ.மீ. தள்ளி நிற்கட்டும், ஈரச்சுவரானால் இன்னும் தள்ளி. துணி ஈரம் உறிஞ்சினால் எல்லாக் கட்டமும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். அப்போது வரம்பை மாற்றி மாற்றிப் பயனில்லை, உலர வேண்டும்.

---

மின்முனை

ஒன்று விட்டுப்போயிற்று. காலையில் சுவிட்ச் போடும்போது திரைமேல் யார் கையும் இருக்கக் கூடாது. அடிப்படை மதிப்பை அந்தக் கணத்தில்தான் சிப் முதலில் எடுக்கும். அப்போது கை வைத்திருந்த கட்டம் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். சுவிட்ச் போடுபவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.